சாட்சிக்கு ஆளுக்கொரு விலை: சேலத்துச் சபைகளில் விசுவாசமும் சாதியும் சேர்த்துப் பேசுவது

சேலம், ஏற்காடு பக்கத்துச் சபைகளில் சாட்சி சொல்வதற்கு, அதாவது ஆண்டவர் தன் வாழ்வில் செய்ததைச் சபை முன் எழுந்து சொல்வதற்கு, பழகிப்போன அச்சு ஒன்று உண்டு. முதலில் நோயோ கடனோ குடியோ. நடுவில் ஓர் உபவாச ஜெபம், மனதைத் தொட்ட ஒரு வசனம். கடைசியில் சமாதானம், வேலை, பிள்ளைக்குப் படிப்பு. ஐந்து நிமிடத்தில் முடியும். கூட்டம் ஸ்தோத்திரம் சொல்லி அடுத்த பாட்டுக்குப் போய்விடும். இந்த அச்சுக்குள் சாதி நுழையவே நுழையாது. சொல்பவர் எந்தத் தெருக்காரர், சபைக்கு வந்த பிறகு அவருக்கு எந்த வாசல் திறந்தது, எது இன்னும் சாத்தியே கிடக்கிறது என்பதெல்லாம் வீட்டுத் திண்ணைப் பேச்சோடு நின்றுவிடும்.

சாதி பேசுகிற மேடை தனி. ஆகஸ்ட் 10 கறுப்பு நாள், நவம்பரில் தலித் விடுதலை ஞாயிறு. அங்கே மனு வாசிப்பார்கள், ஊர்வலம் போவார்கள், தீர்மானம் போடுவார்கள். ஆண்டவரை எப்படி அறிந்தேன் என்று அங்கே எவரும் வாய் திறப்பதில்லை.

இரண்டும் ஒட்டாததற்குக் கூச்சம், பழைய பழக்கம், ‘சபைக்குள் அரசியல் வேண்டாம்’ என்ற நினைப்பு என்று காரணம் சொல்வார்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதி சட்டத்திலும் வருவாய்த்துறைக் கோப்பிலும் இருக்கிறது. ஒரே கூடத்தில் பத்துப் பேர் உட்கார்ந்து விசுவாசப் பயணத்தைச் சொன்னால், சொன்னதற்கு ஒவ்வொருவரும் கொடுக்கிற விலை வேறு வேறு. இதைக் கணக்கில் எடுக்காமல், சாட்சியையும் சாதியையும் சேர்த்துப் பேசத் தொடங்குகிற உரையாடல் இரண்டாம் வாரத்திலேயே படுத்துவிடும்.

சான்றிதழும் ஞானஸ்நானமும்

1950 ஆகஸ்ட் 10-ஆம் தேதி வந்த பட்டியல் சாதிகள் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து மதத்தவர் மட்டுமே பட்டியல் சாதியினர் என்றது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இன்றுவரை வெளியே. ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-இல் இந்த மதத் தடையை எடுத்துவிடச் சொன்னது. 2022-இல் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையம் அமைக்கப்பட்டது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றமும் தீர்மானம் நிறைவேற்றி ஒன்றிய அரசுக்கு அனுப்பியது. ஆணை அப்படியே நிற்கிறது.

தமிழ்நாட்டில் இது எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். ஆதிதிராவிடர் அல்லது அருந்ததியர் குடும்பத்திலிருந்து கிறிஸ்தவரானவர் மாநிலப் பட்டியலில் பிற்படுத்தப்பட்டோர் ஆகிறார். பட்டியல் சாதியினருக்கு 18 சதவீதம்; அதில் 3 சதவீதம் 2009 முதல் அருந்ததியருக்கு உள் ஒதுக்கீடு. பிற்படுத்தப்பட்டோருக்கு 26.5 சதவீதம். ‘எண்ணிக்கை கூடத்தானே செய்கிறது’ என்று மேம்போக்காகச் சொல்பவர்கள் உண்டு. அந்த 26.5-இல் யாரோடெல்லாம் போட்டி என்று பார்த்தால் கணக்கு புரியும்: நிலமும் கடையும் கல்லூரியும் பல தலைமுறையாகக் கையில் வைத்திருக்கிற சாதிகளும் அதே வரிசையில் நிற்கின்றன. போனது இட ஒதுக்கீடு மட்டுமல்ல. 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் புகார் கொடுக்க, பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினராகவோ பழங்குடியினராகவோ இருக்க வேண்டும். ஊராட்சியில் ஒதுக்கீட்டு வார்டு, ஆத்தூர், கெங்கவல்லி போன்ற தனித்தொகுதிகளில் போட்டியிடும் உரிமை, இவையும் போகும். மாநில அரசு ‘மதம் மாறிய கிறித்தவ ஆதிதிராவிடர்’ என்று தனியாகப் பெயர் சொல்லிக் கல்வி உதவித்தொகை கொடுக்கிறது. பள்ளி, கல்லூரி வரை அது கைகொடுக்கும். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது கைகொடுக்காது.

ஆகவே பல குடும்பங்கள் கோப்பில் இந்துவாகவும் ஞாயிற்றுக்கிழமையில் கிறிஸ்தவராகவும் இருக்கின்றன. இதைப் பொய் என்று பிரசங்க பீடத்திலிருந்து கண்டிப்பவர்களுக்குப் பெரும்பாலும் சொந்தச் சான்றிதழில் இழக்க எதுவும் இருக்காது. இப்படிப்பட்ட வீட்டில் எது எது ஆபத்து என்று பட்டியல் போட்டால் சபை வாழ்க்கை முழுவதும் வந்துவிடும். ஞானஸ்நானப் பதிவேடு. கோயிலில், அதாவது தேவாலயத்தில், நடக்கும் திருமணம்: 1872-ஆம் ஆண்டு கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி ஆயர் நடத்தினால் அது பதிவில் ஏறிவிடும். மூன்று ஞாயிறு திருமண அறிவிப்பு ஓலை வாசிப்பது. பிள்ளைக்கு வைக்கிற பெயர். சபை வாட்ஸ்அப் குழுவில் வருகிற புகைப்படம். கடைசியாகச் சாட்சி. 2024 நவம்பர் 26-இல் புதுச்சேரி வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம், ஞானஸ்நானம் பெற்று வழிபாட்டில் பங்கெடுத்துக்கொண்டே வேலைக்காக மட்டும் இந்து பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்பது அரசியல் சட்டத்தின் மீதான மோசடி என்றது. அன்றிலிருந்து இந்தப் பயம் ஊகமாக இல்லை. ‘பத்து வருடமாக ஆண்டவரைச் சேவிக்கிறேன்’ என்று ஒலிபெருக்கியில் சொல்லும் ஒரு வாக்கியம், சொல்பவர் மகளின் டி.என்.பி.எஸ்.சி. வேலைக்கே உலை வைக்கலாம்.

மற்றவர்களுக்கு? வன்னியர் வீட்டிலிருந்து கிறிஸ்தவரானவரும் மிகவும் பிற்படுத்தப்பட்டோரிலிருந்து பிற்படுத்தப்பட்டோருக்கு நகர்கிறார். அந்த இழப்பும் இழப்புதான். ஆனால் தெருவில், டீக்கடையில், காவல் நிலையத்தில் அவர் நிலை மாறுவதில்லை. ஏற்கெனவே பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கும் பழைய கிறிஸ்தவக் குடும்பத்துக்குச் சாட்சி சொல்வதால் ஒரு பைசா நஷ்டமில்லை. மேடையில் அதிகம் சாட்சி சொல்பவர்கள் யார் என்று எண்ணிப் பார்த்தால் விலைக்கும் வாய்க்கும் உள்ள தொடர்பு தெரியும்.

மலையில் கணக்கு வேறு

சேர்வராயன் மலையில் இந்தக் கணக்கு புரண்டு போகிறது. மலையாளிகள் (கேரளத்தவர் அல்ல, இந்த மலைவாழ் மக்களின் பெயரே அதுதான்) பழங்குடிப் பட்டியலில் இருக்கிறார்கள், ஏற்காடு சட்டமன்றத் தொகுதியே பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டது. பழங்குடிகள் ஆணையில் மத நிபந்தனை கிடையாது. ஞானஸ்நானம் பெற்ற மலையாளிக்கு, கோட்டாட்சியர் கொடுக்கிற சான்றிதழ் செல்லும். ஆனால் பட்டியலில் மலையாளி என்ற பெயரோடு மாவட்டப் பெயர்களும் சேர்ந்திருப்பதால், சேலத்தில் பழங்குடியாக இருப்பவரின் உறவினர் ஈரோடு மாவட்ட மலையில் பழங்குடியாக இல்லாமல் போகிறார். மலையில் சான்றிதழ்ச் சிக்கல் என்றால் அது ஊரைப் பற்றியது, சபையைப் பற்றியதல்ல.

மலையாளிக் கிறிஸ்தவர் கொடுக்கும் விலை ஊருக்குள். சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு வரி கொடுப்பதா, ஊர்க்கவுண்டர் கூட்டும் பஞ்சாயத்தில் இடம் உண்டா, சாவுக்கு யார் வருவார்கள், பெண் யார் கொடுப்பார்கள். எஸ்டேட் சபைகளில் இன்னொரு முடிச்சு. காபித் தோட்ட வேலைக்குச் சமவெளியிலிருந்து வந்த தலித் குடும்பங்களும் மலையாளிக் குடும்பங்களும் ஒரே பெஞ்சில் உட்காருகின்றன. மலையாளிகள் தங்களைக் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறிய வேளாளராகச் சொல்லும் வாய்மொழி மரபு உடையவர்கள். தலித்துகளோடு கொள்வினை கொடுப்பினை வைத்துக்கொள்வதில்லை. ஆக, நிலத்தையும் காட்டையும் இழந்து நிற்பவரே இன்னொருவர் வீட்டில் தண்ணீர் குடிக்கத் தயங்குபவராகவும் இருக்கலாம். ‘ஒடுக்கப்பட்டவர்’, ‘ஒடுக்குபவர்’ என்று கூடத்தை இரண்டாகப் பிரித்துக்கொண்டு மலைக்குப் போகிற பயிற்சியாளர்கள் முதல் மணி நேரத்திலேயே விழிப்பார்கள். சமவெளியிலும் ‘தலித்’ என்று ஒரே கூடையில் போட்டுவிட முடியாது. அருந்ததியர் குடும்பங்கள் சபையில் சேர்ந்தபோது அவர்களைப் பின்வரிசைக்கு அனுப்பியவர்கள் எல்லாரும் மேல்சாதிக்காரர்கள் அல்ல.

நிறம் பிரித்த காலமும் இங்கே இருந்தது. காபி 1820-களில் கலெக்டர் காக்பர்ன் வழியாக மலையேறியது. பின்னால் வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள், அவர்களுக்கான கோயில்கள், அவர்கள் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளிகள். கீழே சேலத்தில் ஆங்கிலேய அதிகாரிகளுக்காக 1870-களில் கிறைஸ்ட் சர்ச் எழுந்தது. லண்டன் மிஷனின் தமிழ்ச் சபை 1827 முதல் வேறாக நடந்துவந்தது. இன நீதி என்பது அமெரிக்காவின் சரக்கு, நமக்கு அதில் வேலையில்லை என்பவர்கள் இந்தக் கோயில்களின் பழைய கல்லறைகளைப் பார்த்தால் போதும்.

நானூறு வருடத்துப் பேச்சு

இத்தாலிய இயேசு சபைக் குரு ராபர்ட் டி நொபிலி 1623-இல் மதுரையிலிருந்து கிளம்பி திருச்சி, சேந்தமங்கலம் வழியாகச் சேலம் வந்தார். காவியும் பூணூலும் குடுமியும் மதமல்ல, ஊர் வழக்கம் என்ற அவர் வாதத்தை அதே வருடம் ரோம் ஏற்றுக்கொண்டது. பிராமண சந்நியாசியாக வாழ்ந்தவர் தாழ்த்தப்பட்டவர் வீட்டுக்குப் பகிரங்கமாகப் போக முடியாது. அந்த ஓட்டையை அடைக்க 1640-இல் பண்டாரசாமிகள் என்று தனிக் குருக்களை ஏற்படுத்தினார்கள். சாதிக்கொரு குரு! விசுவாசப் பயணத்துக்குச் சாதி தடையாக இருக்கக் கூடாது என்று தொடங்கிய ஏற்பாடு, சாதியே தடையில்லாமல் விசுவாசத்துக்குள் வர வழிவிட்டது.

சீர்திருத்தச் சபைகள் வேறு பாதையில் போயின. 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதியை உடனே விட்டாக வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். சென்னையிலும் தஞ்சையிலும் சாதிக் கிறிஸ்தவர்கள் கூட்டமாக வெளியேறினார்கள். 1850-இல் சென்னை மிஷனரி மாநாடு இன்னும் இறுக்கியது. வாயால் சாதி இல்லை என்றால் போதாது, எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிட்டுக் காட்ட வேண்டும். ஜெர்மானிய லுத்தரன் சபையான லைப்சிக் மிஷன் மட்டும் அதை ஏற்கவில்லை. சாப்பாட்டைச் சோதனையாக வைத்ததில் ஒரு கூர்மை இருந்தது, ஒரு குருட்டுத்தனமும் இருந்தது. வருடத்துக்கு ஒரு வாய் சோறு சாப்பிட்டுவிட்டு மீதி 364 நாள் பழையபடி இருக்கலாம். பெண் கொடுப்பதையும் நிலத்தையும் கல்லறையையும் அந்தச் சோதனை தொடவில்லை. தேயோப்பிலஸ் அப்பாவு மதுரை இறையியல் கல்லூரியில் பொது உலை என்பதை இறையியலின் மையத்துக்கே கொண்டுவந்தபோது கேட்டது அதற்கு மேல்: சேர்ந்து உண்பது மட்டுமல்ல, ஒன்றாக உலை வைப்பது, உழைப்பையும் அரிசியையும் பங்கு போடுவது.

இன்னொன்று. 1876-78 தாது வருடப் பஞ்சத்தை ஒட்டிச் சபைக்கு வந்தவர்களில் பலர் தனித்தனியாக வரவில்லை. சேரித் தலைவர்கள் கூடி முடிவெடுத்துத் தெருவே வந்தது. ‘சோற்றுக்காக வந்தவர்கள்’ என்ற ஏச்சு அவர்கள் பேரப்பிள்ளைகள் வரை தொடர்கிறது. ‘எந்தத் தேதியில் ரட்சிக்கப்பட்டீர்கள்?’ என்ற கேள்வி இவர்களுக்குப் பொருந்தவே பொருந்தாது. கொள்ளுத்தாத்தா காலத்தில் தெரு எடுத்த முடிவு அவர்களுடைய விசுவாசக் கதையின் முதல் பக்கம். அதைச் சொல்ல விடாத சாட்சி அச்சு, அவர்கள் பக்தியைப் பாதியாக வெட்டுகிறது. கத்தோலிக்கப் பங்குகளில் இந்தச் சிக்கல் குறைவு. அங்கே அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டத்தில் குடும்பக் கதை எளிதாக வரும். பெந்தெகொஸ்தே சபைகளில்தான் தனிமனித ரட்சிப்புக் கதை மட்டுமே கதை.

கடல் கடந்து வந்த பாடங்கள்

இன்று இளைஞர் குழுக்களில் புழங்கும் உரையாடல் முறைகளில் பல அமெரிக்காவிலிருந்தும் தென்னாப்பிரிக்காவிலிருந்தும் வந்தவை. எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது. பிலடெல்பியாவில் முழங்காலில் நின்று ஜெபித்துக்கொண்டிருந்த கறுப்பினத்தவர்களை, உட்கார வேண்டிய இடம் இதுவல்ல என்று சபை நிர்வாகி எழுப்பினார். ரிச்சர்ட் ஆலனும் தோழர்களும் அந்தக் கோயிலைவிட்டு வெளியேறினார்கள்; 1816-இல் ஆப்பிரிக்க மெதடிஸ்ட் திருச்சபை உருவானது. ஆலன் தன் மனமாற்றத்தைச் சொல்லும்போது இருக்கைக் கதையும் கூடவே வருகிறது. சாட்சியும் நீதியும் ஒரே வாயில் வருவது புதுமையல்ல என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. மார்ட்டின் லூதர் கிங் 1959-இல் திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளிக்குப் போனபோது, தலைமை ஆசிரியர் அவரை அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் தீண்டத்தகாதவர் என்று பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்தார். முதலில் சுருக்கென்றது, பிறகு, ஆம், நான் தீண்டத்தகாதவன்தான் என்று தனக்கே சொல்லிக்கொண்டதாக 1965-இல் தன் சபையில் பிரசங்கித்தார்.

தென்னாப்பிரிக்காவின் பாடம் கசப்பானது. டச்சுச் சீர்திருத்தச் சபையின் கேப் மன்றம் 1857-இல் வெள்ளையரும் மற்றவரும் தனித்தனியாக வழிபடலாம் என்றது. கொள்கையில் ஒன்றாக இருப்பதே சரி, ‘சிலருடைய பலவீனத்தை’ முன்னிட்டு இந்தச் சலுகை என்றது தீர்மானம். 1881-இல் தனிச் சபையே பிறந்தது. சலுகை கொள்கையாகி, கொள்கை நாட்டின் சட்டமானது. 1982-இல்தான் உலகச் சீர்திருத்தச் சபைகளின் கூட்டமைப்பு ஒட்டாவாவில் கூடி, நிறவெறிக்கு இறையியல் நியாயம் கற்பிப்பது துர்உபதேசம் என்றது. ‘இப்போதைக்குத் தேர் அந்தத் தெருவுக்குப் போக வேண்டாம், கொஞ்ச நாள் போகட்டும்’ என்று சொல்லும் பங்குப் பேரவைகள் 1857-ஐப் படிக்கலாம்.

பொருந்தாதவையும் உண்டு. நிறம் கூடத்துக்குள் நுழைந்தவுடன் தெரியும். சாதி கேட்டால்தான் தெரியும். அமெரிக்கப் பயிற்சிக் கையேடுகளின் முதல் படியே ‘உங்கள் இன அடையாளத்தைச் சொல்லி அறிமுகம் செய்துகொள்ளுங்கள்’. இதை அப்படியே சூரமங்கலத்திலோ அயோத்தியாப்பட்டணத்திலோ செய்தால், நகரத்துக்கு வந்து பதினைந்து வருடமாக அடையாளம் சொல்லாமல் வாடகை வீட்டில் இருக்கும் குடும்பத்தை எல்லார் முன்பும் உரித்துக்காட்டுவதாகும். வீட்டுக்காரரே அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கலாம். இங்கே முதல் விதி: யாரும் சாதி சொல்லி அறிமுகம் செய்துகொள்ள வேண்டாம். தானாக வந்தால் வரட்டும்.

நடத்தும் முறை

இந்த உரையாடலுக்கு எட்டு முதல் பத்துப் பேர். இருபத்தைந்து பேர் வந்தால் பேசப்போவது வழக்கமான மூன்று பேர்தான். நடத்துபவர்கள் இருவர், வேறு வேறு சமூகத்தவர், ஒருவராவது பெண். ஆயரோ பங்குத்தந்தையோ நடத்தக் கூடாது. அவர் நல்லவரா கெட்டவரா என்பது பிரச்சினையில்லை. ஞானஸ்நானக் கடிதம், திருமணப் பதிவு, பள்ளிச் சிபாரிசு எல்லாவற்றிலும் கையெழுத்து அவருடையது. அவர் முன்னால் யாரும் முழுசாகப் பேசமாட்டார்கள்.

நான்கு அமர்வு, இரண்டு வாரத்துக்கு ஒன்று. முதல் இரண்டு அமர்வும் தனித்தனிக் குழுவாக நடக்க வேண்டும்: பாதிக்கப்பட்ட சமூகத்தவர் ஒரு பக்கம், மற்றவர்கள் வேறொரு நாளில். ‘பிரிவினையைப் பேச வந்து நீங்களே பிரிக்கிறீர்களே’ என்பார்கள். பிரிக்காமல் முதல் நாளே கலந்தால், பாதிக்கப்பட்டவர்கள் மற்றவர்களுக்குப் பாடம் நடத்தும் ஆசிரியர்களாகிவிடுகிறார்கள். தங்கள் புண்ணைக் காட்டி மற்றவர் கண்ணில் தண்ணீர் வரவைப்பது அவர்கள் வேலையல்ல. மூன்றாவது, நான்காவது அமர்வில் சேர்ந்து உட்காரலாம். அதுவும் முதல் இரண்டு அமர்வில் இரு பக்கமும் சம்மதித்தால் மட்டும்.

நேரம் தொண்ணூறு நிமிடம். வசன வாசிப்பு பத்து, எட்டுப் பேருக்கு ஆளுக்கு ஐந்து என்று நாற்பது, விளக்கக் கேள்விகளுக்கு இருபது, டீக்கும் அமைதிக்கும் ஜெபத்துக்கும் இருபது. மலையில் நவம்பர் முதல் ஜனவரி வரை காபிப் பழம் பறிக்கும் காலம். அப்போது வைத்தால் எஸ்டேட் ஆட்கள் வரமாட்டார்கள், வருபவர்கள் கணக்கப்பிள்ளை வீட்டார்தான். கீழே வெள்ளிப் பட்டறையிலும் தறியிலும் கூலி எண்ணிக்கைக்கு. ஞாயிறு மதியம் தவிர வேறு நேரம் வைத்தால் அன்றைய கூலி போகும்.

கைபேசி வாசலிலேயே கூடையில். ஒலிப்பதிவு, புகைப்படம், வருகைப் பதிவேடு எதுவும் வேண்டாம். திட்டத்துக்கு நிதி கொடுப்பவர்கள் புகைப்படம் கேட்டால் காலி நாற்காலியைப் படமெடுத்து அனுப்பலாம். ஞானஸ்நானம் பெற்றேன் என்று யாரும் சொல்லியாக வேண்டிய கேள்வியே கேட்கக் கூடாது. ‘ஜெபிக்கத் தொடங்கியது எப்போது, யாரிடம் கற்றீர்கள்’ என்று கேட்டால் பயணம் முழுவதும் வரும், சான்றிதழுக்கு ஆபத்தும் வராது.

கேள்விகள் பொருளைத் தொட வேண்டும். ‘சபையில் பாகுபாடு உணர்ந்தீர்களா?’ என்றால் ‘அப்படியெல்லாம் இல்லீங்க’ என்று பதில் வந்து கதவு சாத்திக்கொள்ளும். முதன்முதலாக வந்த ஞாயிறு எந்தப் பெஞ்சில் உட்கார்ந்தீர்கள், அங்கே உட்காரச் சொன்னது யார்? உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்த சபையாரில் யார் பந்தியில் உட்கார்ந்தார்கள், யார் மொய்க்கவரைக் கொடுத்துவிட்டு ‘அவசர வேலை’ என்று கிளம்பினார்கள்? வீட்டுப் பெரியவர் அடக்கம் எந்த மூலையில்? மற்ற குழுவுக்கு ஒரே ஒரு கேள்வி போதும், அதிலேயே ஒரு மாலை ஓடிவிடும்: பிள்ளைக்கு வரன் பார்க்கத் தரகரிடம் போனபோது முதலில் சொன்னது என்ன? ‘விசுவாசக் குடும்பமா இருக்கணும்’ என்பதற்கு முன்னால் ‘ஆர்.சி. வன்னியர்’, ‘சி.எஸ்.ஐ. நாடார்’ என்று எது வந்தது? இந்தக் குழுவில் சாட்சி என்பது தாங்கள் பட்டதைச் சொல்வதல்ல, தங்களுக்குக் கிடைத்ததைச் சொல்வது. யார் சிபாரிசில் மிஷன் பள்ளி வேலை வந்தது, தாத்தா ஏன் கமிட்டியில் இருந்தார், இப்போது அண்ணன் ஏன் இருக்கிறார்.

டீ விஷயத்தைச் சின்னதாக எண்ண வேண்டாம். காகிதக் கப் வந்த பிறகு இரட்டைக் குவளைப் பிரச்சினை கண்ணுக்குத் தெரியாமல் போனது, தீரவில்லை. காகிதக் கப்பில் கொடுத்தால் யாரும் யார் எச்சிலையும் தொட வேண்டியதில்லை, எல்லாருக்கும் சௌகரியம். ஆகையால் எவர்சில்வர் டம்ளர் வையுங்கள். பத்து டம்ளர், குடித்த பிறகு ஒரு வாளித் தண்ணீர், இன்றைக்கு இரண்டு பேர் கழுவட்டும், அடுத்த முறை வேறு இரண்டு பேர், பட்டியல் முன்னாலேயே எழுதி ஒட்டியிருக்கட்டும். கழுவும் முறை வருகிற வாரம் யாருக்கெல்லாம் காய்ச்சல் வருகிறது என்று பார்த்தால், தொண்ணூறு நிமிடத்தில் வராத விஷயம் வெளியே வரும். அதைக் கேலி செய்யாமல், குறித்துக்கொண்டு தனியாகப் பேச வேண்டும்.

வேதபாடத் தேர்வில் நிறையக் குழுக்கள் சறுக்குகின்றன. யோவான் 4 சமாரியப் பெண் கதை முதலில் கைக்கு வரும். அதில் ஒதுக்கப்பட்டவளே ஐந்து புருஷன் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவளாகவும் இருப்பதால், பேச்சு ஐந்தே நிமிடத்தில் அவள் ஒழுக்கத்துக்குத் திரும்பும். கலாத்தியர் 3:28 மூடியாகப் பயன்படுகிறது. ‘கிறிஸ்துவுக்குள் எல்லாரும் ஒன்று’ என்று வாசித்து ஜெபம் செய்து முடித்துவிடுவார்கள். அதற்கு ஒரு அதிகாரம் முந்தி கலாத்தியர் 2:11-14 நன்றாக வேலை செய்யும். எருசலேமிலிருந்து ஆட்கள் வந்தவுடன் பேதுரு பந்தியைவிட்டு மெல்ல விலகுகிறார். பவுல் எல்லார் முன்பும் கேட்கிறார். தவறு செய்தவர் அப்போஸ்தலர், தவறு சாப்பாட்டில், காரணம் ஊர்க்காரர் என்ன நினைப்பார்களோ என்ற பயம். கவுண்டர் வீட்டுப் பெரியவரும் இதில் தன்னைப் பார்க்க முடியும். அவமானப்படாமல் பார்க்க முடியும் என்பதுதான் இதன் பலம். அப்போஸ்தலர் 6 நிர்வாகம் பேசும் அமர்வுக்கு. கிரேக்கு பேசும் விதவைகள் பந்தியில் விடுபட்டார்கள். சபை வருத்தம் தெரிவித்து நிற்கவில்லை, ஏழு பேரைப் பொறுப்பில் வைத்தது. ஏழு பேரின் பெயரும் கிரேக்கப் பெயர்.

கெட்டுப்போகும் இடங்கள்

அவசர ஜெபம்தான் பெரிய எதிரி. ஒருவர் தன் அப்பாவைக் கல்லறைத் தோட்டத்தின் எந்த ஓரத்தில் புதைக்க விட்டார்கள் என்று சொல்லி முடிக்குமுன், பக்கத்திலிருப்பவர் கையைப் பிடித்து ‘ஆண்டவரே, இவர் காயத்தை ஆற்றும்’ என்று தொடங்கிவிடுவார். ஜெபத்தின் நடுவில் எழுந்து ‘நான் இன்னும் முடிக்கவில்லை’ என்று சொல்ல யாருக்கும் தைரியம் வராது. ஜெபம் கடைசிப் பத்து நிமிடத்தில்தான், அதுவும் பேசியவர் கேட்டால்தான் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

அடுத்தது ‘எங்களுக்கும் கஷ்டம்தான்’. தறி நின்றது, வட்டி ஏறியது, கிழங்குக்கு சேகோ (ஜவ்வரிசி) ஆலையில் விலை கிடைக்கவில்லை. எல்லாம் உண்மை, ஆனால் வறுமையையும் தீண்டாமையையும் ஒரே தராசில் வைத்தால் பேச்சு திசைமாறும். நடத்துபவர், ‘அதற்கு ஒரு நாள் வைப்போம்’ என்று சொல்லி உண்மையிலேயே ஒரு நாள் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் நழுவுகிறார்கள் என்ற எண்ணம் வந்துவிடும்.

மேடையில் மன்னிப்புக் கேட்பது பார்க்க உருக்கமாக இருக்கும். கேட்பவர் அழுவார், கேட்கப்பட்டவர் நூறு பேர் முன்னால் கட்டியணைத்தே ஆக வேண்டும். மறுத்தால் மன்னிக்காத கிறிஸ்தவர் என்று பெயர் வரும். தென்னாப்பிரிக்காவில் நிறவெறிக் காலக் கொடுமைகளை விசாரித்த உண்மை ஆணையத்தின் முன் 21,000-க்கு மேற்பட்டோர் தங்களுக்கு நடந்ததைப் பதிவு செய்தார்கள். 2003-இல் அரசு அறிவித்தது ஒரே தடவைத் தொகை, ஆளுக்கு 30,000 ராண்ட். ஆணையம் பரிந்துரைத்ததைவிட மிகக் குறைவு. கதையை வாங்கிக்கொண்டார்கள், கணக்கை முடிக்கவில்லை என்ற மனக்குறை இன்றும் அங்கே உண்டு. அமெரிக்காவில் தென்பகுதி பாப்டிஸ்ட் மாநாடு 1845-இல் அடிமை முறையை ஆதரித்துப் பிறந்து, 150 வருடம் கழித்து 1995-இல்தான் மன்னிப்புக் கேட்டது. லூக்கா 19-இல் சகேயு மன்னிப்பு என்ற பேச்சையே எடுப்பதில்லை. ஆஸ்தியில் பாதி, அநியாயமாக வாங்கியதற்கு நாலத்தனை என்று கணக்குச் சொல்கிறான்.

நான்காவது அமர்வு கணக்கோடு முடியட்டும். மூன்று தாள் போதும். எல்லாம் சபை அலுவலகத்திலேயே இருக்கிறது. கடந்த பத்து வருடக் கமிட்டி உறுப்பினர் பட்டியல், தெருவாரியாக. கல்லறைத் தோட்டத்தின் கையால் வரைந்த படம்: எந்தப் பகுதி யாருக்கு, நடுவில் வேலியோ சுவரோ உண்டா, சாவி யாரிடம். சபைப் பள்ளி, விடுதி, மருத்துவமனை வேலைகளில் யார் எந்தப் பணியில், துப்புரவுப் பணி முழுக்க ஒரே தெருவுக்கா. கத்தோலிக்க ஆயர் பேரவை 2016-இல் வெளியிட்ட தலித் கொள்கையே, சபைக்குள் பாகுபாடு இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு நிறுவனங்களில் வாய்ப்புத் தரச் சொல்கிறது. ஆகவே தாளை நீட்டும்போது ‘வெளியாள் தூண்டிவிட்டது’ என்று தள்ள முடியாது.

மூன்றையும் ஒரே நாளில் கமிட்டி முன் வைத்தால் எதுவும் நடக்காது. கல்லறைப் படத்தை முதலில் வைப்பது நல்லது: அதில் யார் சான்றிதழும் கேள்விக்கு வராது, யார் பெயரும் அடிபடாது. தீர்மானத்தில் ‘சமத்துவம் பேணப்படும்’ என்று எழுதினால் அது அங்கேயே கிடக்கும். ‘அடுத்த அடக்கம் முதல் கிழக்கு வரிசையில், வந்த வரிசைப்படி, சாவி உபதேசியாரிடம்’ என்று எழுதி, கூட்டக் குறிப்புப் புத்தகத்தில் தேதியும் இரண்டு கையெழுத்தும் வாங்கிக்கொள்ள வேண்டும்.